டுராங்கோ வீட்டில் டென்வர் சேனல்கள் வருமா? செயற்கைக்கோள் டிவியில் தொலைதூர நெட்வொர்க் சிக்னல் விதிகள்

மலைச்சாரல்:

அனைவருக்கும் வணக்கம். நெடுங்காலம் நியூ ஜெர்சியில் இருந்த நாங்கள், மனைவியின் பணி மாற்றத்தால் கொலராடோவின் தென்மேற்கு மூலையில், லா பிளாட்டா கவுண்டியின் டுராங்கோ நகருக்கு வெளியே குடியேறியிருக்கிறோம். கேபிள் எட்டாத மலைப்பகுதி என்பதால் டிஷ் வைத்துக்கொண்டோம். உள்ளூர் சேனல்கள் என்ற பெயரில் அதில் வருபவை அனைத்தும் அண்டை மாநிலமான நியூ மெக்சிகோவின் ஆல்புகெர்க்கி நிலையங்கள். நாங்கள் வாக்களிப்பது கொலராடோவில். தேர்தல் காலத்தில் வீட்டில் ஓயாமல் ஒலிப்பதோ நியூ மெக்சிகோ வேட்பாளர்களின் விளம்பரம். டென்வரில் சட்டமன்றம் என்ன முடிவெடுத்தது என்பதை மறுநாள் இணையத்தில்தான் படித்துத் தெரிந்துகொள்கிறோம்.

இதைப் பற்றித் தேடியபோது ஒரு பழைய விளக்கக் குறிப்பு கிடைத்தது. உள்ளூர் நிலையத்தின் சிக்னல் வீட்டு ஆன்டெனாவுக்கு வலுவாக எட்டவில்லையென்றால் வேறு ஊர் நிலையத்தை டிஷ் வழியாகப் பெறலாம் என்றும், அதற்கு உள்ளூர் நிலையத்திடம் விலக்குக் கோர வேண்டும் என்றும், 30 நாட்களுக்குள் பதில் வராவிட்டால் விலக்கு தரப்பட்டதாகவே கொள்ளப்படும் என்றும் அதில் எழுதியிருந்தது. எங்கள் நிறுவனத்தின் வாடிக்கையாளர் சேவையில் கேட்டால் அப்படியொரு நடைமுறையே இல்லை என்கிறார்கள். உண்மை எது? டென்வர் நிலையங்கள் கிடைக்காவிட்டாலும், பழகிப்போன நியூயார்க் நிலையங்களையாவது பெற வழி உண்டா? ஆர்.வி., அதாவது தங்கும் வசதியுள்ள பயண வண்டி, வைத்திருப்போருக்கு இந்தத் தடை இல்லை என்று என் மைத்துனர் சொல்கிறார். நாங்களும் அப்படியொரு வண்டி வாங்கும் எண்ணத்தில் இருக்கிறோம். அந்த இணைப்பையே வீட்டிலும் பயன்படுத்தலாமா?

பழைய ஆன்டெனா:

மலைச்சாரல் அவர்களுக்கு, நீங்கள் படித்த குறிப்பும் சரி, வாடிக்கையாளர் சேவையில் சொன்னதும் சரி. குறிப்பு எழுதப்பட்ட காலத்துச் சட்டம் வேறு, இன்றைய சட்டம் வேறு. இடையில் நடந்தவற்றைச் சற்று விரிவாகவே சொல்கிறேன். அவை தெரியாவிட்டால் இன்றைய விதி பொருளற்றதாகத் தோன்றும்.

அமெரிக்காவில் ஏபிசி, சிபிஎஸ், என்பிசி, ஃபாக்ஸ் ஆகிய நெட்வொர்க்குகளின் நிகழ்ச்சிகள் அந்தந்த ஊரில் அவற்றோடு ஒப்பந்தம் செய்துகொண்ட நிலையங்கள் வழியாகவே வீடுகளுக்குச் செல்கின்றன. ஒரு நிலையம் தன் பகுதியில் அந்த நெட்வொர்க்கை ஒளிபரப்பும் தனியுரிமையை நம்பித்தான் விளம்பரம் விற்கிறது. 1980-களில் கிராமப்புறங்களில் பெரிய சி-பேண்ட் டிஷ்கள் பெருகியபோது, எந்த நிலையமும் எட்டாத பண்ணை வீடுகளுக்கு நெட்வொர்க் நிகழ்ச்சிகளை எப்படிக் கொண்டுசேர்ப்பது என்ற கேள்வி எழுந்தது. அதற்கு விடையாக 1988-இல் செயற்கைக்கோள் இல்லப் பார்வையாளர் சட்டம் வந்தது. பதிப்புரிமைச் சட்டத்தில் 119-ஆவது பிரிவு சேர்க்கப்பட்டு, ஒவ்வொரு உரிமையாளரிடமும் தனித்தனியாக அனுமதி கேட்காமல், நிர்ணயிக்கப்பட்ட கட்டணத்தைச் செலுத்தித் தொலைதூர நிலையங்களை மறு ஒளிபரப்பும் உரிமம் செயற்கைக்கோள் நிறுவனங்களுக்குக் கிடைத்தது. நெட்வொர்க் நிலையம் ஒன்றுக்குச் சந்தாதாரர் ஒருவருக்கு மாதம் 3 சென்ட் என்பதுதான் அன்றைய கட்டணம்.

ஆனால் அந்த உரிமம் சேவை கிட்டாத வீடுகளுக்கு மட்டுமே உரியது. கூரையில் வைத்த சாதாரண ஆன்டெனாவால் அந்த நெட்வொர்க்கின் உள்ளூர் நிலையத்தை கிரேடு பி எனப்படும் வலுவில் பெற முடியாத வீடே சேவை கிட்டாத வீடு. கிரேடு பி என்பது எஃப்.சி.சி. எனப்படும் கூட்டாட்சித் தகவல்தொடர்பு ஆணையம் அனலாக் காலத்தில் வகுத்த அளவுகோல்: 2 முதல் 6 வரையிலான சேனல்களுக்கு 47 டிபியு (சிக்னல் வலுவை அளக்கும் அலகு), 7 முதல் 13 வரை 56, அதற்கு மேற்பட்ட யூஎச்எஃப் சேனல்களுக்கு 64. திரையில் படம் எப்படித் தெரிகிறது என்பதை இந்த அளவுகோல் கேட்பதில்லை. காற்றில் சிக்னல் எவ்வளவு வலுவாக இருக்கிறது என்பதையே கேட்கிறது. அதன்பின் வந்த வழக்குகள் பெரும்பாலும் இந்த வேறுபாட்டைச் சுற்றியே எழுந்தன.

பிரைம்டைம் 24 என்ற நிறுவனம் அந்தக் காலத்தில் நெட்வொர்க் நிலையங்களைத் தொகுத்துச் செயற்கைக்கோள் சேவையாளர்களுக்கு விற்று வந்தது. புதிய சந்தாதாரரிடம், கூரை ஆன்டெனாவில் படம் ஏற்கத்தக்க வகையில் தெரிகிறதா என்று கேட்பார்கள். அவர் இல்லை என்றால் இணைப்பைக் கொடுத்துவிடுவார்கள். நியூயார்க் நிகழ்ச்சியும் வேண்டும், மேற்குக் கரை நேரத்தில் அதையே மறுபடியும் பார்க்க வேண்டும் என்று விரும்பும் ஒருவர் என்ன பதில் சொல்வார் என்பதை ஊகிக்கக் கடினமில்லை. சிபிஎஸ் உள்ளிட்டோர் தொடுத்த வழக்கில் மயாமியின் கூட்டாட்சி நீதிமன்றம் 1998-இல் இந்த முறையை ஏற்க மறுத்துத் தடை விதித்தது. வட கரோலினாவில் ஏபிசி தொடுத்த வழக்கிலும் முடிவு அந்நிறுவனத்துக்கு எதிராகவே அமைந்தது. இணைப்பை இழக்கவிருந்த மக்கள் அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸில் உள்ள தங்கள் உறுப்பினர்களைத் தொலைபேசியில் துளைத்தெடுத்தார்கள். அந்த நெருக்குதலில் பிறந்ததுதான் 1999-ஆம் ஆண்டுச் சட்டம்.

நீங்கள் படித்த விலக்கு நடைமுறை அந்தச் சட்டத்தில் வந்தது. வீட்டுக்கு வீடு சென்று அளப்பது இயலாத காரியம் என்பதால், மலை, பள்ளத்தாக்கு போன்ற நில அமைப்பைக் கணக்கில் கொண்டு ஒரு குறிப்பிட்ட வீட்டில் சிக்னல் எவ்வளவு இருக்கும் என்று கணிக்கும் லாங்லி-ரைஸ் கணினி முறையை எஃப்.சி.சி. அதே ஆண்டு ஏற்றுக்கொண்டது. கணிப்பு உங்களுக்குப் பாதகமாக வந்தால் நிலையத்திடம் விலக்குக் கேட்கலாம். 30 நாட்கள் அது மௌனமாக இருந்தால் விலக்கு கிடைத்ததாகப் பொருள். மறுத்தால் சுதந்திரமான ஒருவரைக் கொண்டு உங்கள் வீட்டில் அளவீடு செய்யச் சொல்லலாம். சிக்னல் போதுமான வலுவில் இருந்தால் செலவு செயற்கைக்கோள் நிறுவனத்துக்கு, இல்லையென்றால் நிலையத்துக்கு. ஏட்டளவில் இவ்வளவு நேர்த்தியான ஏற்பாட்டை நான் அதிகம் கண்டதில்லை.

அதே 1999-ஆம் ஆண்டுச் சட்டம் இன்னொன்றையும் செய்தது. 122-ஆவது பிரிவின் வழியாக, உள்ளூர் நிலையங்களை அதே ஊர் மக்களுக்கு டிஷ் வழியாகக் கட்டணமின்றித் தரும் உரிமத்தை வழங்கியது. தொலைதூர சிக்னலின் அடித்தளம் அன்றே கரையத் தொடங்கியது எனலாம். உள்ளூர் நிலையமே டிஷ்ஷில் வரும்போது சேவை கிட்டாத வீடு என்று ஒன்று எப்படி இருக்க முடியும் என்ற வாதத்தை 2004-ஆம் ஆண்டுத் திருத்தம் ஏற்றுக்கொண்டது. உள்ளூர் நிலையத்தைத் தன் சேவையில் வழங்கும் நிறுவனம், அந்த ஊரில் புதிய சந்தாதாரர்களுக்கு அதே நெட்வொர்க்கின் வேற்றூர் நிலையத்தைத் தரக் கூடாது என்று ஆயிற்று.

2006-இல் எக்கோஸ்டார், அதாவது டிஷ் நெட்வொர்க்கின் தாய் நிறுவனம், தகுதியில்லாதவர்களுக்கு வழக்கமாகவே தொலைதூர சிக்னல் வழங்கி வந்தது என்று பதினொன்றாவது சுற்று எனப்படும் கூட்டாட்சி மேல்முறையீட்டு நீதிமன்றம் முடிவு செய்தது. அத்தகைய நிலையில் நாடு தழுவிய நிரந்தரத் தடை விதிப்பதைத் தவிர நீதிபதிக்கு வேறு வழியைச் சட்டம் விட்டுவைக்கவில்லை. பல நிலையங்களோடு 10 கோடி டாலருக்குச் செய்துகொண்ட சமரசமும் தடையைத் தடுக்கவில்லை. அந்தச் சமரசத்தில் ஃபாக்ஸ் சேரவில்லை. ஃபாக்ஸின் தாய் நிறுவனம் அப்போது போட்டியாளரான டைரக்டிவியில் பெரும் பங்கு வைத்திருந்தது என்பதையும் நினைவில் கொள்ளலாம். 2006 டிசம்பர் 1 முதல் சுமார் எட்டு ஒன்பது லட்சம் வீடுகள் அந்தச் சேனல்களை இழந்தன. தொலைக்காட்சி நிலையங்களுக்காக நாடு பிரிக்கப்பட்டிருக்கும் 210 சந்தைப் பகுதிகளிலும் உள்ளூர் நிலையங்களைத் தருவதாக ஒப்புக்கொண்ட பிறகே, 2010-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் டிஷ் நெட்வொர்க் அந்த உரிமத்தைத் திரும்பப் பெற்றது.

இனி உங்கள் கேள்விக்கு நேரடியான பதில். 2019 டிசம்பரில் நிறைவேறிய சட்டம் 119-ஆவது பிரிவை நிரந்தரமாக்கி, அதே வேளையில் மிகவும் சுருக்கிவிட்டது. சேவை கிட்டாத வீடு என்ற வரையறைக்குள் இப்போது இரண்டே வகையினர் அடங்குவர்: ஆர்.வி. அல்லது சரக்கு லாரியில் பார்ப்பவர்கள். நான்கு பெரிய நெட்வொர்க்குகளில் ஏதேனும் ஒன்று துணைச் சேனலாகக்கூட இல்லாத சந்தைப் பகுதியில் வாழ்பவர்கள். அதோடு, 210 சந்தைகளிலும் உள்ளூர் நிலையங்களைத் தரும் நிறுவனமே இந்த உரிமத்தைப் பயன்படுத்த முடியும். மொன்டானாவின் கிளென்டைவ், மிச்சிகனின் அல்பீனா போன்ற 12 சிறு சந்தைகளை அன்று டைரக்டிவி விட்டுவைத்திருந்ததால், அதற்கு 2020 மே 31 வரை மட்டுமே அவகாசம் தரப்பட்டது. கூரை ஆன்டெனா, சிக்னல் வலு, விலக்கு, அளவீடு ஆகிய எதுவும் இப்போது வீட்டுச் சந்தாதாரருக்குப் பொருந்தாது.

ஆல்புகெர்க்கியில் ஏபிசிக்கு கேஓஏடி, என்பிசிக்கு கேஓபி, சிபிஎஸ்ஸுக்கு கேஆர்க்யூஇ இருக்கின்றன. ஃபாக்ஸ் கேஆர்க்யூஇயின் துணைச் சேனலாக வருகிறது. ஆகவே உங்கள் சந்தை குறையுள்ள சந்தை ஆகாது. நியூயார்க் நிலையங்களுக்கு உங்கள் வீட்டில் வழியில்லை.

பொதுக்கேணி:

மேலே எழுதியவர் வரலாற்றைச் சரியாகச் சொல்லியிருக்கிறார். ஆனால் டென்வர் குறித்த கேள்வி அதோடு முடிந்துவிடவில்லை. அது தொலைதூர சிக்னல் பிரிவின் கீழ் வரும் கேள்வியே அல்ல.

சந்தைப் பகுதிகளை வரைந்தது காங்கிரஸும் அல்ல, எஃப்.சி.சி.யும் அல்ல. பார்வையாளர் எண்ணிக்கையை அளக்கும் நீல்சன் என்ற தனியார் நிறுவனம், எந்தக் கவுண்டி மக்கள் எந்த ஊர் நிலையங்களை அதிகம் பார்த்தார்கள் என்பதை வைத்து விளம்பரதாரர்களுக்காக வரைந்த கோடுகள் அவை. அந்தக் கோடுகளைச் சட்டம் அப்படியே எடுத்துக்கொண்டதால், மாநில எல்லைக்கு அப்பால் ஒட்டவைக்கப்பட்ட கவுண்டிகள் நாடு முழுவதும் இருக்கின்றன. அநாதைக் கவுண்டிகள் என்று அவற்றைக் குறிப்பிடுவார்கள். லா பிளாட்டா அவற்றுள் பெயர்பெற்ற ஒன்று.

இதற்காகவே 2014-ஆம் ஆண்டுச் சட்டத்தில், கேபிளுக்கு மட்டும் இருந்த சந்தைத் திருத்த முறை செயற்கைக்கோளுக்கும் விரிக்கப்பட்டது. ஒரு குறிப்பிட்ட நிலையத்தின் உள்ளூர்ச் சந்தையில் ஒரு கவுண்டியைச் சேர்க்கும்படி அந்த நிலையமோ, செயற்கைக்கோள் நிறுவனமோ, கவுண்டி நிர்வாகமோ எஃப்.சி.சி.யிடம் மனுச் செய்யலாம். தனிப்பட்ட பார்வையாளர் மனுச் செய்ய முடியாது. தன் மாநிலத்துச் செய்திகளைப் பெறும் நுகர்வோர் நலனையும் ஆணையம் கணக்கில் கொள்ள வேண்டும் என்று சட்டமே சொல்கிறது. உங்கள் லா பிளாட்டா கவுண்டி நிர்வாகம் டென்வரின் கேயுஎஸ்ஏ, கேஎம்ஜிஎச், கேசிஎன்சி, கேடிவிஆர் ஆகிய நான்கு நிலையங்களுக்காகவும் மனுச் செய்து, 2017-இல் சாதகமான ஆணையும் பெற்றது. அந்த ஆணையின் பொருள், உங்கள் கவுண்டியைப் பொறுத்தவரை அந்த நிலையங்கள் தொலைதூர நிலையங்கள் அல்ல, உள்ளூர் நிலையங்கள் என்பதே.

பிறகு ஏன் வரவில்லை என்று கேட்பீர்கள். உள்ளூர் நிலையங்களைச் செயற்கைக்கோள்கள் நாடு முழுவதும் பரப்புவதில்லை. ஸ்பாட் பீம் எனப்படும் குறுகிய கற்றைகளாக, அந்தந்தச் சந்தையை நோக்கி மட்டும் இறக்குகின்றன. அப்போதுதான் ஒரே அலைவரிசையை வெவ்வேறு ஊர்களுக்குத் திரும்பத் திரும்பப் பயன்படுத்த முடியும். டென்வரை நோக்கிய கற்றை சான் வான் மலைகளுக்கு இப்பால் போதிய வலுவோடு விழாவிட்டால், எத்தனை ஆணைகள் இருந்தும் பயனில்லை. தொழில்நுட்ப வகையிலோ பொருளாதார வகையிலோ இயலாது என்று காட்டும் நிறுவனத்தைச் சட்டம் கட்டாயப்படுத்துவதில்லை. கற்றை எட்டினாலும், அந்த நிலையத்தோடு மறு ஒளிபரப்பு ஒப்புதல் ஒப்பந்தம் இருக்க வேண்டும். அதற்கான கட்டணத்தை இரு தரப்பும் பேசித்தான் முடிவு செய்வார்கள்.

இன்னொரு கருத்தையும் பதிவு செய்ய விரும்புகிறேன். உள்ளூர் நிலையங்களைக் காப்பாற்றுவதற்காகவே இந்த விதிகள் என்று ஒளிபரப்பாளர் தரப்பு சொல்லும். அதில் உண்மை உண்டு. நியூயார்க் நிலையத்தை யார் வேண்டுமானாலும் பெறலாம் என்றால் கிளென்டைவ் போன்ற சிற்றூரின் நிலையம் எதை நம்பிச் செய்தியாளரை வைத்துக்கொள்ளும்? ஆனால் ஆல்புகெர்க்கி நிலையம் டுராங்கோவுக்கு உள்ளூர் நிலையமாகச் செய்தி தருகிறதா என்ற கேள்வியை இந்த ஏற்பாடு எங்கும் எழுப்பவில்லை. தனியுரிமையைக் கொடுத்த சட்டம், அதற்கு ஈடாக அந்தக் கவுண்டிக்கு எதையும் தர வேண்டும் என்று நிலையத்தைக் கேட்கவில்லை. தொலைதூர சிக்னலைக் குறுக்கியதை என்னால் ஏற்க முடிகிறது. நீல்சனின் கோட்டைத் தொடாமல் அதைச் செய்ததை ஏற்க முடியவில்லை.

பழைய ஆன்டெனா:

பொதுக்கேணி சொன்ன கடைசிக் கருத்தில் எனக்குச் சிறு மாறுபாடு உண்டு. கோட்டை மாற்றினால் ஆல்புகெர்க்கி நிலையம் அந்தக் கவுண்டியின் பார்வையாளர்களை இழக்கும். கவுண்டிக்கு ஒரு நியாயம் இருப்பதைப் போல, தன் பகுதி என்று நம்பிப் பல ஆண்டுகளாக மலை உச்சிகளில் டிரான்ஸ்லேட்டர் எனப்படும் மறு ஒலிபரப்புக் கருவி வைத்துச் சிக்னலை அனுப்பிய நிலையத்துக்கும் ஒரு நியாயம் உண்டு. லா பிளாட்டாவுக்குக் கிடைத்த சந்தைத் திருத்தம் பழைய நிலையங்களை நீக்காமல் புதியவற்றைச் சேர்க்க மட்டும் செய்தது. இது அரைகுறைத் தீர்வுதான். ஆனால் ஒருவரிடமிருந்து பறித்து மற்றவருக்குக் கொடுக்காத தீர்வு.

நெடுஞ்சாலை:

ஆர்.வி. பற்றிய கேள்விக்கு நான் பதில் சொல்கிறேன். சரக்கு லாரி ஓட்டுவது என் தொழில், வண்டியில் இந்த இணைப்பைத்தான் வைத்திருக்கிறேன்.

உங்கள் மைத்துனர் சொன்னது பாதி உண்மை. ஆர்.வி.க்கும் லாரிக்கும் தொலைதூர நெட்வொர்க் நிலையங்களைச் சட்டம் அனுமதிக்கிறது. ஒரு நெட்வொர்க்குக்கு ஒரு நாளில் இரண்டு நிலையங்களுக்கு மேல் கூடாது. அதைப் பெற, டிஷ் அந்த வண்டியில் நிரந்தரமாகப் பொருத்தப்பட்டிருக்கிறது என்றும், நிலையான வீடு எதிலும் அதைக் கொண்டு நிகழ்ச்சிகளைப் பெற மாட்டேன் என்றும் கையொப்பமிட்ட உறுதிமொழி தர வேண்டும். கூடவே நடப்பிலுள்ள மாநில வாகனப் பதிவின் நகலைத் தர வேண்டும். லாரியாக இருந்தால் வணிக ஓட்டுநர் உரிமத்தின் நகலும் தேவை. இரண்டு ஆண்டுகளுக்கு மேல் இணைப்புத் தொடர வேண்டுமென்றால் நிறுவனம் இந்த ஆவணங்களைப் புதிதாகக் கேட்டு வாங்க வேண்டும்.

ஆகவே வண்டிக்கென்று வாங்கிய இணைப்பை வீட்டில் பயன்படுத்தினால், நீங்கள் கையொப்பமிட்ட உறுதிமொழியே பொய்யாகிவிடும். முக்காலியில் நிறுத்தி முகாமில் வைக்கும் டிஷ்ஷும் நிரந்தரமாகப் பொருத்தியது ஆகாது. வாங்குவதற்கு முன் நிறுவனத்திடம் இதைத் தெளிவாகக் கேட்டுக்கொள்ளுங்கள். டென்வரில் இருக்கும் நண்பரின் முகவரியைச் சேவை முகவரியாகக் கொடுத்துவிடுங்கள் என்று சிலர் யோசனை சொல்வார்கள். அது ஒப்பந்த மீறல் என்பது ஒருபுறமிருக்க, கற்றை உங்கள் மலைக்கு எட்டாதென்றால் முகவரியை மாற்றியும் திரை இருட்டாகவே இருக்கும்.

மலைச்சாரல்:

மூவருக்கும் மிக்க நன்றி. வீட்டில் ஆர்.வி. இணைப்பு என்ற எண்ணத்தைக் கைவிட்டுவிட்டோம். இரண்டு கேள்விகள் மட்டும் மீதமிருக்கின்றன. இணையவழி நேரலைச் சேவைகளுக்கு இந்தச் சட்டம் பொருந்துமா? 2017-ஆம் ஆண்டு ஆணையைச் சுட்டிக்காட்டி என் நிறுவனத்திடம் எப்படிக் கேட்பது?

பொதுக்கேணி:

இணையச் சேவைகள் 119, 122 ஆகிய இரு பிரிவுகளின் உரிமத்தையும் பயன்படுத்துவதில்லை. ஒவ்வொரு நிலையத்தோடும் அல்லது நெட்வொர்க்கோடும் நேரடியாக ஒப்பந்தம் செய்துகொள்கின்றன. அந்த ஒப்பந்தங்களும் பகுதிவாரியாகவே எழுதப்படுவதால், நீங்கள் இருக்கும் இடத்தை வைத்து உங்களுக்கு உரிய நிலையத்தையே காட்டும். ஆயினும் செய்தி மட்டும்தான் தேவை என்றால் நிலைமை அவ்வளவு மோசமில்லை. நெட்வொர்க் நாடகங்களும் விளையாட்டும்தான் உரிமச் சிக்கலில் மாட்டிக்கொண்டவை. நிலையங்கள் தாங்களே தயாரிக்கும் செய்திகளைப் பெரும்பாலும் தங்கள் வலைத்தளத்திலும் செயலியிலும் எவரும் பார்க்கும்படி வெளியிடுகின்றன. டென்வர் நிலையங்களின் மாலைச் செய்தியை அந்த வழியில் தேடிப் பாருங்கள்.

நிறுவனத்திடம் பொதுவாக டென்வர் சேனல்கள் வேண்டும் என்று கேட்டால், தொலைதூர சிக்னல் தர இயலாது என்ற ஆயத்தப் பதில்தான் வரும். ஆணை நிலையம்வாரியாகப் பிறப்பிக்கப்பட்டது. ஆகவே நான்கு நிலையங்களையும் பெயர் சொல்லி, சந்தைத் திருத்தத்தின் கீழ் லா பிளாட்டாவுக்கு உள்ளூர் நிலையங்களாக அவற்றை வழங்குகிறீர்களா, இல்லையென்றால் காரணம் கற்றையா, ஒப்பந்தமா என்று எழுத்தில் கேளுங்கள். கற்றை என்றால் புதிய செயற்கைக்கோள் வரும்வரை செய்வதற்கு அதிகமில்லை. ஒப்பந்தம் என்றால், அந்தப் பதிலை மனுதாரரான கவுண்டி ஆணையர்கள் அலுவலகத்துக்கு அனுப்பி வையுங்கள். நிலையத்தோடும் நிறுவனத்தோடும் பேசும் தகுதி அவர்களுக்கு உண்டு.

பழைய ஆன்டெனா:

அதற்கிடையில் கூரையில் ஒரு ஆன்டெனாவையும் வைத்துப் பாருங்கள். மேற்கு மாநிலங்களின் மலைக் கவுண்டிகளில், தொலைவிலுள்ள நகர நிலையங்களின் சிக்னலை வாங்கி மறுபடி அனுப்பும் டிரான்ஸ்லேட்டர்களை உள்ளூர் அமைப்புகளே நடத்துவதுண்டு. அவற்றுக்கு நீல்சனின் கோடு ஒரு பொருட்டல்ல. எஃப்.சி.சி.யின் வலைத்தளத்தில் முகவரியை இட்டால் எந்தெந்த நிலையங்கள் எவ்வளவு வலுவில் எட்டும் என்ற கணிப்பு வரும். ஆனால் அந்த வரைபடத்தில் சிறு டிரான்ஸ்லேட்டர்கள் விடுபட்டிருக்கக்கூடும். ஆகவே அக்கம்பக்கத்தாரின் கூரையில் ஆன்டெனா எந்தத் திசையைப் பார்த்திருக்கிறது என்பதையும் கவனித்து, அவர்களிடம் கேட்டுவிட்டு வாங்குங்கள்.